அசுரனுக்காக அழலாமா?

கொல்ல வேண்டியவனைக் கொன்றுவிட்டு, அப்புறம் அவனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் விடுவது கருணையா, பாசாங்கா? புராண காலத்துக் கேள்விதான். ஆனால் இதை எனக்குள் புதிதாகக் கிளறிவிட்டது ஒரு ஜப்பானியப் பொம்மைப்படம். பொம்மைப்படம் என்று சொன்னால் என் மகள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். 'அனிமே' என்று சொல்ல வேண்டுமாம். சொல்லிவிட்டால் போகிறது.

'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்' என்பது படத்தின் பெயர். 2025-ம் வருஷம் ஜூலையில் ஜப்பானில் வெளியாகி, செப்டம்பர் 12-ந் தேதி தமிழ் பேசிக்கொண்டு நம் பக்கத்துக் கொட்டகைகளுக்கு வந்து சேர்ந்தது. அசுரர்களை வதைப்பவனின் கதை. பின்பாதிப் பெயரை 'முடிவில்லாக் கோட்டை' என்று தமிழாக்கிக்கொள்ளலாம். நான் போயிருந்த காட்சியில் என்னைப்போல் நாற்பதைத் தாண்டியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். விளக்கை அணைத்ததும் படம் நடுக்கதையில் போய் விழுகிறது. யார், எவர், எதற்காக என்று ஒரு வார்த்தை கிடையாது. பத்திரிகையில் தொடர்கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். ஒரு வாரம் தவறவிட்ட வாசகருக்காக 'முன்கதைச் சுருக்கம்' போடாமல் எந்த ஆசிரியரும் ஓர் அத்தியாயத்தை அச்சுக்கு அனுப்பமாட்டார். இவர்களோ துணிந்து அனுப்பியிருக்கிறார்கள். இரண்டரை மணி நேரம் ஓடிய பிறகாவது கதை முடிகிறதா என்றால் அதுவும் இல்லை. மூன்று பாகங்களாக எடுக்கப் போவதாகவும், இது முதல் பாகம் என்றும் அறிவித்திருக்கிறார்கள்.

ஆகையால் முன்கதைச் சுருக்கத்தை நான் சொல்ல வேண்டியதாகிறது. 1912-லிருந்து 1926 வரை ஜப்பானில் 'தாய்ஷோ' ஆட்சிக்காலம். அந்தக் காலத்தில் மலையிலே அடுப்புக்கரி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றும் தன்ஜிரோ என்ற பையன், ஒரு நாள் வீடு திரும்பும்போது தாயும் தம்பி தங்கைகளும் வெட்டுண்டு கிடக்கக் காண்கிறான். உயிரோடு மிஞ்சியவள் நெஸுகோ என்ற ஒரே தங்கை. அவளும் அசுர ரத்தம் கலந்து அசுரச்சியாகிவிட்டாள். அவளை ஒரு மரப்பெட்டியில் வைத்து முதுகில் சுமந்துகொண்டு, அசுரர்களை வதைக்கும் கூட்டத்தில் போய்ச் சேருகிறான் அண்ணன். வெயில் பட்டால் அசுரர்கள் எரிந்துபோவார்கள். கழுத்தை வெட்டினால் கரைந்துபோவார்கள். எல்லோரும் ஒரு காலத்தில் மனிதர்களாக இருந்தவர்கள். முஸான் என்ற மூல அசுரனின் ரத்தத்தால் மாறிப்போனவர்கள். கதையின் உயிர்நாடி இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

கோயோஹாரு கொதோகே என்ற ஆசிரியர் ஒரு வாரப் பத்திரிகையில் 2016 பிப்ரவரியிலிருந்து 2020 மே வரை சித்திரத் தொடராக எழுதி முடித்த கதை இது. 2019-ல் டெலிவிஷனில் 26 வாரம் வந்தது. அடுத்த வருஷம், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, ஒரு ரயில் வண்டிக்குள் நடக்கும் பகுதியை மட்டும் சினிமாவாக எடுத்தார்கள். உலகமே கதவைச் சாத்திக்கொண்டிருந்த அந்த 2020-ல், ஜப்பானிய சினிமா சரித்திரத்திலேயே அதுவரை வசூலில் முதலிடத்தில் நின்ற 'ஸ்பிரிட்டட் அவே' படத்தை அது முந்திவிட்டது. டெலிவிஷன் பார்க்காதவனுக்கு ஒன்றும் புரியாத படத்துக்கு இத்தனை கூட்டமா என்று வியப்பவர்கள், 1950-லிருந்து 1954 வரை 'கல்கி' இதழ் வரும் நாளன்று நம் வீட்டுப் பெரியவர்கள் கடைவாசலில் காத்துக் கிடந்த கதையைக் கேட்டுப் பார்க்கலாம். 'பொன்னியின் செல்வன்' முடிந்தும் மனம் ஆறாமல்தானே அதைத் தொடர்ந்து விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுத நேர்ந்தது?

அந்தக் கதையில் வாசகர்கள் மனத்தைவிட்டு இறங்காதவள் யார்? அருள்மொழி என்பார்கள், வந்தியத்தேவன் என்பார்கள். ராத்திரி தூக்கம் வராதபோது நினைவுக்கு வருகிறவள் நந்தினிதான். காலில் விழுந்து கெஞ்சியும் கேளாமல் வீரபாண்டியன் தலையைக் கரிகாலன் வெட்டினான்; அந்த ஒரு கணத்தில் அவள் பகையானாள். அவள் செய்யப் புறப்பட்ட காரியம் சோழ குலத்துக்கே நாசம். அதை நாம் அறிவோம். அறிந்தும் அவளுக்காக இரங்குகிறோம். வில்லனுக்கு ஒரு பழைய காயம் வைப்பது கதைத் தொழிலில் சுலபமான வித்தை என்பது எழுதுகிறவர்களுக்குத் தெரியும். நானும் அதை எத்தனையோ அத்தியாயங்களில் செய்திருக்கிறேன். ஆகவே இந்த ஜப்பானியக் கதையிலும் அசுரன் சாகும் தறுவாயில் அவனுடைய பால்ய காலத்தைக் காட்டத் தொடங்கியபோது, 'ஓகோ, இவர்களும் அந்தச் சரக்கைத்தான் விற்கிறார்களா!' என்று கொஞ்சம் அலட்சியமாகவே உட்கார்ந்திருந்தேன்.

அலட்சியத்தைக் கலைத்தது 2019 தொடரில் வரும் ஒரு காட்சி. மகள் வற்புறுத்தியதன்பேரில் வீட்டில் பார்த்தது. ஒரு மலையில் ருய் என்ற அசுரச் சிறுவன், பயமுறுத்தியும் சித்திரவதை செய்தும் மற்ற அசுரர்களைத் தனக்குத் தாயாக, தமக்கையாக, தகப்பனாக நடிக்க வைத்துக்கொண்டு வாழ்கிறான். மனிதர்களைக் கொன்று குவித்தவன். தன்ஜிரோவின் தோழர்களில் மூத்தவனான கியூ வந்து அவன் கழுத்தை வெட்டுகிறான். சாம்பலாக உதிரும் அந்தச் சின்ன உடம்பின்மேல் தன்ஜிரோ கையை வைக்கிறான். அவனுக்கு நாய்க்கு இருப்பது போன்ற மோப்ப சக்தி. அந்தச் சாம்பலிலிருந்து தாங்க முடியாத துயரம் வீசுகிறது என்பது தெரிகிறது. உடம்பு கரைந்து துணி மட்டும் மிஞ்சுகிறது. கியூ அந்தத் துணியை மிதித்துக்கொண்டு நின்று, மனிதர்களைத் தின்றவனுக்கு இரக்கம் எதற்கு என்று கேட்கிறான். தன்ஜிரோ காலை எடுக்கச் சொல்கிறான். செத்தவர்களின் பழியைத் தீர்க்கவும், இன்னும் பலர் சாகாமல் தடுக்கவும் தயங்காமல் வெட்டுவேன். ஆனால் தான் ஆனதை எண்ணி வருந்துகிறவனை மிதிக்கமாட்டேன், இவனும் என்னைப்போல் மனிதனாக இருந்தவன் என்பது அவன் வாதம்.

துணிமேல் இருந்த அந்தக் கால்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கால் பக்கமும் நியாயம் இருக்கிறது அல்லவா?

சொல்லப்போனால், பெரிய நியாயமே அந்தப் பக்கம்தான். என் அத்தை ஒருத்தி தூத்துக்குடியில் இருந்தாள். மாமா உப்பளத்தில் கணக்கெழுதுகிறவர். வெளியில் தங்கமான மனிதர். வீட்டில் கை நீளம். அத்தை முதுகிலும் தோளிலும் இருந்த தழும்புகளை நாங்கள் பிள்ளைகளாக இருந்தபோதே பார்த்திருக்கிறோம். மாமாவின் அக்காள் ஒருத்தி எப்போது வந்தாலும் அத்தையை உட்கார வைத்து, "பாவம், எங்க அப்பா அவனைத் தூணுல கட்டி வச்சில்லா அடிப்பாரு. பாசம்னா என்னன்னே தெரியாம வளந்தவன். நீதான் தாயி அனுசரிச்சுப் போவணும்" என்று உருகுவாள். பொய் இல்லை, அந்தக் கிழவர் அப்படித்தான் அடித்தாராம். நான் கல்லூரியில் இன்டர்மீடியட் சேர்ந்த வயதில், உலகத்தைத் திருத்தும் உற்சாகத்தோடு இந்தப் பேச்சை அத்தையிடம் எடுத்தேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்: "ஏல, அவியளுக்குச் சின்னதுல விழுந்த அடிக்கு நானால கணக்கு? அடிச்ச மனுசன் செத்துச் சாம்பலாயாச்சு. மிச்சம் கெடக்கது எம் முதுகுதான்."

கொட்டகையில் உட்கார்ந்து அசுரனுக்காக மூக்கைச் சிந்துகிறவனை அசுரன் ஒன்றும் கடித்துவிடவில்லை. அவன் கண்ணீர் செலவில்லாத கண்ணீர். செலவு முழுவதும் கடிபட்டவளுடையது. நம் ஊரில் 'பாவம், அவன் என்ன செய்வான்' என்ற வார்த்தை எத்தனை பெண்களின் வாயைப் பொத்தியிருக்கிறது என்று கணக்கெடுத்தால், அந்த இரக்கத்தைக் கருணை என்று சொல்ல நாக்குக் கூசும். இந்தப் படத்திலேயே ஷினோபு என்று ஒருத்தி வருகிறாள். தமக்கையைக் கொன்ற அசுரனைத் தேடி வருஷக்கணக்காக அலைகிறவள். முகத்தில் எப்போதும் புன்னகை. உள்ளே ஓயாத ஆத்திரம். கடைசியில் அவனை நேருக்கு நேர் எதிர்க்கிறாள், தோற்கிறாள், அவனுக்கே இரையாகிறாள். அவளிடம் போய் அவனுக்காக இரங்கச் சொல்ல தன்ஜிரோவுக்கே வாய் வராது. படமும் அவளிடம் அதைக் கேட்கவில்லை.

திருச்செந்தூருக்குப் போனவர்களுக்கு இந்த விவகாரம் புதிதாகத் தோன்றாது. தூத்துக்குடியிலிருந்து தெற்கே சுமார் 40 கிலோமீட்டர். ஐப்பசியில் சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருந்து, ஆறாம் நாள் மாலை கடற்கரையில் லட்சக்கணக்கான ஜனங்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். சூரன் யானைத் தலையோடு வருவான், வேல் பாயும், தலை போகும். சிங்கத் தலையோடு வருவான், அதுவும் போகும். அப்புறம் தன் சொந்த முகத்தோடு வருவான். 'அரோகரா' என்ற சத்தத்தில் அலையோசை கேட்காது. மாமரமாகக் கடலில் நின்றவனை வேல் இரண்டாகப் பிளக்க, ஒரு பாதி மயிலாகவும் ஒரு பாதி சேவலாகவும் ஆயின. ஒன்று வாகனம், ஒன்று கொடி. மறுநாள் திருக்கல்யாணம். ஊரையெல்லாம் சிறை வைத்தவனுக்கு, ஜயித்தவன் கையிலேயே இடம் கிடைத்துவிட்டது. இதற்குச் சைவர்கள் 'மறக்கருணை' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். தண்டனையின் உருவத்தில் வரும் அருள்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நம் சூரனுக்குப் பதவி கிடைத்தது; கண்ணீர் கிடைக்கவில்லை. கடற்கரையில் அவனுக்காக அழுகிறவர் எவரையும் நான் பார்த்ததில்லை. கச்சியப்ப சிவாசாரியார் அதற்கும் கொஞ்சம் இடம் வைத்துத்தான் பாடியிருக்கிறார். யுத்தத்தின் நடுவே முருகன் விசுவரூபம் காட்டும்போது சூரன் ஒரு கணம் அப்படியே உருகிப்போகிறான். பகைமை மறந்து போற்றுகிறான். உருவம் மறைந்ததும் பழைய கர்வம் வந்து பிடித்துக்கொள்கிறது. மறுபடி ஆயுதத்தை எடுக்கிறான். கந்தபுராணத்தில் எனக்கு அந்த இடம்தான் உசத்தி. தான் வேறு மாதிரியும் இருந்திருக்கலாம் என்று ஒரு கணம் கண்டவன், கண்டும் திரும்பிப் போனவன், வெறும் அரக்கனாக இருக்க முடியாது.

இங்கே நம் கடற்கரையின் பழைய தொழில் ஒன்றைச் சொல்ல வேண்டும். முத்துக் குளிக்கிறவர்கள் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்குவார்கள். மேலே கயிற்றைப் பிடிக்கும் பொறுப்பு மச்சானுக்கு என்பார்கள். தங்கை தாலிக்கு அவன்தானே கவலைப்படுவான்! கீழே பயம் சுறாவுக்கு. அதற்காக மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுகிறவர் ஒருவர் உண்டு. 'கடல்கட்டி' என்று பெயர். 13-ம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, இப்படி மந்திரிக்கிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு கூலி என்று எழுதி வைத்திருக்கிறான். வெள்ளைக்காரத் துரைத்தனம் நடத்திய சலாபங்களிலும் கடல்கட்டி இருந்தார். தூத்துக்குடியில் 1961-ல் நடந்ததுதான் கடைசிச் சலாபம். அப்புறம் சிப்பி இல்லை, கடல்கட்டிக்கும் வேலை இல்லை.

சுறா ஒருவன் காலைக் கவ்விக்கொண்டு போனால் ஊரே அழும். சுறாவை வலை போட்டுப் பிடித்து வெட்டவும் வெட்டும். ஆனால் 'சண்டாளச் சுறா, உனக்கு மனச்சாட்சி இல்லையா' என்று யாராவது கேட்பார்களா? வாயைக் கட்டலாம், வெட்டலாம், விலகலாம். குற்றம் சாட்ட முடியாது. அது சுறா, அதற்கு வேறு வழி கிடையாது.

கொடுமை செய்தவனை நாம் 'அவன் மனுஷனே இல்லை, மிருகம், அசுரன்' என்று வைகிறோம். வைவதாக நினைத்துக்கொண்டு அவனுக்கு எத்தனை பெரிய சலுகை கொடுக்கிறோம்! மிருகம் என்றால் அதற்குப் பொறுப்பு இல்லை. மனிதன் என்றால்தான் 'நீ ஏன் அப்படிச் செய்தாய்' என்று கேட்கலாம். அவனும் ஒரு தாய்க்குப் பிறந்தவன், அழுதவன், அடிபட்டவன், ஆசைப்பட்டவன் என்று ஒப்புக்கொண்டால்தான், அவன் செய்தது பாதகம் என்றே சொல்ல முடிகிறது. தன்ஜிரோ அந்தத் துணியின் மேலிருந்து காலை எடுக்கச் சொன்னபோது, ருய்யின் குற்றத்தைக் குறைக்கவில்லை என்றுதான் நான் அர்த்தப்படுத்திக்கொள்கிறேன். சாம்பலாகிவிட்டவனை மறுபடி மனிதர்கள் கணக்கில் எழுதிவிட்டான். மனிதர்கள் கணக்கில் பாக்கி என்று ஒரு பத்தி உண்டு.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் ஒன்று இருக்கிறது. சொல்லக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1908-ல் அவரைச் சிறையில் தள்ளிச் செக்கிழுக்க வைத்தார்கள். அந்தக் கம்பெனியையும் அந்த மனிதரையும் நசுக்குவதில் முன்னின்றவர் என்று ஜனங்கள் கருதிய அதிகாரி ஆஷ். 1911 ஜூன் 17-ந் தேதி, கலெக்டராக இருந்த அவரை மணியாச்சி சந்திப்பில் ரயில் பெட்டிக்குள் சுட்டுவிட்டு, செங்கோட்டை வாஞ்சிநாதன் தன்னையும் சுட்டுக்கொண்டான். அந்த ஸ்டேஷனுக்கு இன்று வாஞ்சி மணியாச்சி என்று பெயர். ஆஷுக்கும் தூத்துக்குடியில் ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஆஷ் என்றால் சூரபத்மன். அந்தப் பெட்டியில் அவர் மனைவியும் உடன் இருந்தாள் என்பதையும், கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பிய பயணம் அது என்பதையும் வாத்தியார் சொல்லவில்லை. பின்னாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

தெரிந்த பிறகு என்ன ஆயிற்று? வாஞ்சியின் உருவம் என் மனத்தில் ஒரு அங்குலமும் சிறுக்கவில்லை. செக்கிழுத்த தழும்பும் ஆறவில்லை. ஆனால் சூரபத்மன் தலை கழன்று, அடியிலிருந்து பிள்ளைகளை நினைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருந்த ஒரு தகப்பன் முகம் வெளிப்பட்டது. தன் வீட்டுப் பிள்ளைகளை அப்படி நினைக்கத் தெரிந்தவருக்கு, அடுத்தவன் வீட்டில் சோறில்லாமல் போவது ஏன் தெரியவில்லை என்று கேட்கத் தோன்றியது. தலையில்லாத பொம்மையிடம் இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கமாட்டேன்.

படத்துக்கு வருகிறேன். அகாஸா என்ற அசுரன்தான் இதன் உண்மையான கதாநாயகன் என்று எனக்குப் படுகிறது. 2020-ல் வந்த ரயில் படத்தின் முடிவில், எல்லோருக்கும் பிரியமான ரெங்கோகு என்ற வீரனைக் கொன்றுவிட்டு, விடியப் போகிறது என்று தெரிந்ததும் காட்டுக்குள் ஓடியவன். ஐந்து வருஷம் கழித்து அவனைக் கோட்டைக்குள் தன்ஜிரோவும் கியூவும் எதிர்க்கிறார்கள். துணியை மிதித்த அதே கியூ. கழுத்து வெட்டுப்பட்ட பிறகும் உடம்பு விழமாட்டேன் என்கிறது. அப்போதுதான் பழைய கதை வருகிறது. வியாதிக்காரத் தகப்பனுக்கு மருந்து வாங்கத் திருடியவன். மகன் தன்னால் கெட்டுப்போகிறானே என்று தகப்பன் தூக்குப்போட்டுக்கொள்கிறான். பித்துப்பிடித்துத் திரிந்த பையனை ஒரு குஸ்தி வாத்தியார் இழுத்துவந்து, நோயாளியான தன் மகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். அவள் தேறுகிறாள், கல்யாணம் நிச்சயமாகிறது. பக்கத்துப் பயிற்சிக்கூடத்துக்காரர்கள் கிணற்றில் விஷம் போட்டு வாத்தியாரையும் மகளையும் கொன்றுவிடுகிறார்கள். இவன் போய் 67 பேரை வெறுங்கையால் அடித்துக் கொல்கிறான். அன்று ராத்திரிதான் முஸான் எதிரே வருகிறான்.

அசுர ரத்தம் ஏறியதும் இவை அத்தனையும் மறந்துபோகிறது. மிஞ்சுவது பலம் வேண்டும் என்ற வெறி ஒன்றுதான். யாருக்காக அந்தப் பலத்தை விரும்பினோம் என்பது போய்விட்டது. இதை யோசித்தவர் நல்ல கதாசிரியர் என்று ஒரு தொழிற்காரனாக ஒப்புக்கொள்கிறேன். ஞாபகம் திரும்பியதும் அகாஸா செய்வது என்ன? தன்ஜிரோவைப் பார்த்துச் சிரிக்கிறான். தன் வித்தையைத் தன்மீதே பிரயோகித்து அந்த உடம்பைத் தானே உடைக்கிறான். மன்னிப்பு என்ற வார்த்தையை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. ரெங்கோகு திரும்பி வரப்போவதில்லை என்பது பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். என் பக்கத்து நாற்காலியில் இருந்த வாலிபன், ரயில் படம் பார்த்தபோது இவனைச் சபித்திருப்பான். இப்போது கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தான்.

அத்தை கதையில் ஒரு பாதிதான் சொன்னேன். மாமா கடைசியில் பக்கவாதத்தில் நாலு வருஷம் படுக்கையில் கிடந்தார். அந்தக் கை மடங்கிப்போயிற்று. அத்தை கஞ்சி புகட்டினாள், புரட்டிப் படுக்க வைத்தாள், புண் வராமல் பார்த்துக்கொண்டாள். மாமாவுக்குப் பேச்சு குழறினாலும் கண்ணில் நீர் வழியும். அதையும் முந்தானையால் துடைத்துவிடுவாள். மன்னித்துவிட்டாள் என்று ஊர் மெச்சியது. "அப்படியா அத்தை?" என்று ஒருநாள் கேட்டேன். "அது வேற, இது வேற" என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

எல்லாம் சரி, ஷினோபுவை விழுங்கினவன் இருக்கிறானே, தோமா என்று, அவன் கதைதான் எனக்குச் சிக்கலாக இருக்கிறது. அவனுக்குப் பழைய காயம் எதுவும் கிடையாது. சின்ன வயதிலேயே தெய்வப்பிள்ளை என்று கொண்டாடப்பட்டு, காலில் விழுந்து அழுகிற ஜனங்களின் நடுவில் வளர்ந்தவன். யார் துக்கமும் அவனுக்குள் ஓர் அசைவை உண்டாக்கியதில்லை. அழுவது போல் நடிக்கத் தெரியும், அவ்வளவுதான். மனிதனாக இருந்தபோதே இல்லாத ஒன்றை அவனுக்கு எப்படி ஞாபகப்படுத்துவது? தன்ஜிரோவின் மூக்கு அவன் சாம்பலில் எதைக் கண்டுபிடிக்கும்? அவனைச் சுறாக்கள் பக்கம் தள்ளிவிட்டுக் கடல்கட்டியைக் கூப்பிடலாம் என்று ஒரு சமயம் தோன்றுகிறது. அப்படித் தள்ளினால் ஷினோபுவின் ஆத்திரத்துக்கு அர்த்தம் இல்லாமல் போகிறதே என்று மறு சமயம் தோன்றுகிறது.

இந்தப் பாகத்தில் அவன் சாகவில்லை. சித்திரத் தொடர் 2020-லேயே முடிந்துவிட்டதால் அவன் முடிவு என்ன என்பது என் மகளுக்குத் தெரியும். சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்லிவிடத் துடிக்கிறாள். அடுத்த பாகம் வரட்டும், அதுவரை வாயைத் திறக்காதே என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.